அகரம் முதல் னகரம் வரை: சொல்லடைவுத் தலைப்புகளின் வரலாறு

ஒரு நூலின் கடைசிப் பக்கங்களில், இரண்டு பத்திகளாக, நூலிலேயே மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பகுதியைக் கவிதை வாசகர் பெரும்பாலும் புரட்டாமலே மூடிவிடுவர். செய்யுள் முதற்குறிப்பகராதி, அரும்பத அகராதி, பொருளடைவு, சொல்லடைவு எனப் பல பெயர்களில் வழங்கும் அப்பகுதிக்கு உறுப்புகள் மூன்றே. ஒன்று, சொற்கள் நிற்கும் வரிசை. இரண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் மேலே நிற்கும் எழுத்துத் தலைப்பு. மூன்று, ஒரு தொகுதி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் விடப்படும் வெற்றிடம்.

இவற்றை அச்சுக்கூடத்தாரின் ஒப்பனை என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் தமிழில் இவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த எழுத்தின்கீழ் அதைத் தேட வேண்டும் என்னும் அடிப்படை வினாக்களுக்கே இவை விடை கூறி வந்திருப்பது புலப்படும். அவ்விடையைத் தமிழறிந்த பதிப்பாசிரியர்கள் தாமே முடிவு செய்த காலத்தில் நூல்கள் திறந்து கொண்டன. பிறமொழி எழுத்துகளுக்கென அமைந்த கருவியிடம் அதனை விட்டுவிட்ட இடங்களில், கையில் இருக்கும் நூலிலேயே சொல் காணாமற் போயிற்று.

எதுகை வழியே ஒரு தேடல்

ஓலைச்சுவடிக் காலத்தில் தேடுதலுக்குரிய முதற்கருவி மனனமே. நூலைப் பாடம் செய்தவனுக்கு அடைவு வேண்டியதில்லை. சொற்பொருளைத் தொகுத்த நிகண்டுகளும் மனனத்துக்கெனவே செய்யுளாக இயற்றப்பட்டன. திவாகரமும் பிங்கலமும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வகையால் தொகுதி பிரித்தன. அவற்றில் தலைப்பாக நிற்பது பொருள், எழுத்து அன்று.

எழுத்தைக் கொண்டு சொல்லை அடையும் முயற்சி நிகண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அத்தொகுதி ககர எதுகை முதலாக எதுகை வரிசையில் அமைந்துள்ளது. அதாவது அங்கே தலைப்பாக நிற்பது சொல்லின் முதலெழுத்து அன்று, இரண்டாம் எழுத்து. செய்யுள் இயற்றுவோனுக்கு எந்த எழுத்து முதலில் நினைவுக்கு வருமோ அந்த எழுத்தே வாயிலாயிற்று. கவிஞரின் காது வகுத்த அடைவு என்று இதனைக் கூறுவது மிகையாகாது.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. அகரத்தை ஆதியாக உடையது என்னும் பொருளில் ‘அகராதி’ என்ற சொல் அந்நூலின் பெயரிலேயே இடம்பெற்றது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி செய்யுள் வடிவை நீக்கிச் சொற்களைத் தனித்தனியே நிரல்படுத்தியது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளுள் இறுதியானது எதுகைத் தொடைக்குரிய சொற்களின் தொகுப்பு. முதலெழுத்து முறைக்கு வழி திறந்த நூலே பழைய எதுகை முறையையும் கைவிடாமல் தனக்குள் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டது கருதத்தக்கது.

அந்நாளைய ஏட்டெழுத்தில் இன்னொரு தடையும் இருந்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது இலக்கண விதி. ஆனால் ஓலையில் புள்ளி குத்துவது அருகியே நிகழ்ந்தது. எனவே எகரமும் ஏகாரமும் எழுத்தளவில் வேறுபாடின்றி நின்றன. நெடிலுக்குத் தனிவடிவு தந்த சீர்திருத்தத்தை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லுவது மரபு. அந்த வேறுபாடு நிலைபெற்ற பின்னரே ‘எ’ என ஒரு தலைப்பும் ‘ஏ’ என மற்றொரு தலைப்பும் ஐயமின்றித் தனித்தனியே நிற்க முடிந்தது.

ஏட்டெண்ணும் பக்க எண்ணும்

அடைவுக்கு வரிசை மட்டும் போதாது. சுட்டுவதற்கு ஓர் இடமும் வேண்டும். சுவடிகளில் ஏட்டெண் உண்டு. ஆனால் ஒரு சுவடியின் ஏட்டெண் அச்சுவடிக்கே உரியது. அதைப் பார்த்து எழுதிய படியில் அதே செய்யுள் வேறோர் ஏட்டில் விழும். ஐரோப்பாவிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவியர், செயிண்ட் ஷேர் ஊரினரான ஹியூவின் தலைமையில் விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தபோது தாளின் எண்ணைச் சுட்டவில்லை. அதிகாரத்தைச் சுட்டி, அதனையும் சிறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். எந்தப் படியிலும் மாறாத இடம் அதுவே. ஒரே பதிப்பின் எல்லாப் படிகளிலும் பக்கம் ஒன்றாகவே இருக்கும் நிலை அச்சினால் வந்தது. 1470இல் கொலோன் நகரில் அச்சான ஒரு சிறு சமயநூலில் தாள்தோறும் எண் அச்சிடப்பட்டது.

தமிழ்ச் செய்யுள் நூல்களைப் பதிப்பித்தவர்கள் இவ்விரண்டையும் ஆளக் கற்றனர். உரைப்பகுதிக்குப் பக்க எண்ணையும், செய்யுளுக்குப் பாட்டெண்ணையும் அடியெண்ணையும் சுட்டினர். பக்க எண் ஒரு பதிப்போடு முடிந்துவிடும். பாட்டெண் அடுத்த பதிப்புக்கும் செல்லும். இன்றும் புறநானூற்றுப் பாடலைப் பக்கத்தால் அன்றி எண்ணால் குறிப்பது அவ்வழக்கின் தொடர்ச்சியே.

ஐயரவர்களின் அகராதிகள்

1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தன. அப்பதிப்புகளின் பெருமையைப் பேசுவோர் பாடபேத ஆராய்ச்சியையும் முகவுரையையும் பேசுவர். அவற்றுக்கு இணையான உழைப்பு நூலிறுதியில் அடங்கியிருக்கிறது. அரும்பதங்களின் அகராதியும், அபிதான விளக்கமும், மேற்கோள்களின் அகராதியும் வெறும் பின்னிணைப்புகள் அல்ல. நச்சினார்க்கினியரும் அடியார்க்கு நல்லாரும் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட அடிகள் எந்நூலுக்கு உரியவை என்று காண்பதற்கு, முன்பு படித்த நூல்களின் சொற்கள் அனைத்தும் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அகராதி அங்கே பதிப்பின் விளைவு மட்டுமன்று. பதிப்புக்குக் கருவியும் ஆகும்.

சிலப்பதிகாரப் பதிப்பில் ‘விளங்கா மேற்கோளகராதி’ என்று ஒரு பகுதி உண்டு. உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களுள் இன்ன நூலைச் சார்ந்தது என்று கண்டறிய இயலாதவற்றை முதற்குறிப்போடு நிரல்படுத்தியது அது. அறியாததை மறைக்காமல், அறிந்தவற்றுக்குரிய அதே ஒழுங்கில் வரிசைப்படுத்தி வைத்தார் ஐயர். பின்னொரு நாள் ஒரு சுவடியில் அந்த அடியைக் காண்பவர், அதன் முதலெழுத்தைக் கொண்டு அகராதியைப் பார்த்து, அதற்குரிய வீட்டைச் சொல்லிவிட முடியும். அடைவு என்பது வருங்கால வாசகரோடு செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஈய அச்சுக் காலத்தில் இத்தகைய பகுதியை அடுக்குவது பொறுமைக்குரிய வேலை. நூல் முழுவதும் பக்கமாகக் கட்டப்பட்ட பின்னரே அடைவைத் தொடங்க இயலும். மெய்ப்புத் திருத்தத்தில் ஓர் அடி கூடினால் அடுத்துள்ள பக்க எண்கள் எல்லாம் நகர்ந்துவிடக்கூடும். எழுத்துத் தலைப்பைப் பத்தியின் நடுவில் சற்றுப் பெரிய அச்சில் வைத்து, அதற்கு மேலும் கீழும் எழுத்தினும் உயரம் குறைந்த ஈயத் துண்டுகளைச் செருகுவர். அத்துண்டுகளில் மை படியாது. தாளில் அது வெள்ளையாக விழும். வாசகர் வெற்றிடம் எனக் காண்பது அச்சுக்கூடத்தில் கனமுள்ள ஒரு பொருள். காகிதம் அரிதாகிய நாட்களில் முதலில் உருவி எடுக்கப்பட்டதும் அதுவே. அவ்வாறு நெருக்கி அடுக்கிய அகராதிகளில் ககரம் எங்கே முடிந்து சகரம் எங்கே தொடங்குகிறது என்று காண, கண் வரிவரியாக இறங்க வேண்டியிருக்கும்.

சொல் எங்கே முடிகிறது?

வெற்றிடம் தொகுதிகளுக்கு இடையில் மட்டும் வேண்டப்படுவதன்று. சொற்களுக்கு இடையிலும் வேண்டப்படுவது. ஓலையில் சொல்லிடை வெளி இல்லை. பழைய அச்சுப் பதிப்புகளும் செய்யுளைச் சந்தி பிரிக்காமல் சீர்களாகவே அச்சிட்டன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்துச் சொற்களைத் தனித்தனியே காட்டி, எளிய வாசகருக்கும் பழம்பாடல்களைக் கொண்டு சேர்த்தன. சொற்களுக்கு இடையே வெளி விட்டவர் அடைவுக்கும் வழி வகுத்தவர் ஆகிறார்.

ஆயினும் பிரிக்கும்போது எழும் வினாக்கள் எளியவை அல்ல. ‘பொன்’ என்னும் சொல் செய்யுளில் பொன் என்றும் பொற் என்றும் பொலம் என்றும் வரும். எழுத்து வரிசையில் வைத்தால் மூன்றும் மூன்று இடங்களில் போய் நிற்கும். ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்தால் சொல்லறிவு உடையவருக்குப் பயன். பிரித்து வைத்தால் அடியை மட்டும் அறிந்தவருக்குப் பயன். இவ்விரு வாசகருக்கும் இடையே தொகுப்பாளர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வெளியீடாக, ச. வையாபுரிப் பிள்ளையின் பதிப்பில் வந்த ‘சங்க இலக்கியம்’ முற்றிலும் வேறொரு தலைப்பைத் தேர்ந்தது. நூல்வாரியாக இருந்த பாடல்கள் அதில் புலவர்வாரியாக வைக்கப்பட்டன. கபிலர் பெயரின்கீழ்க் கபிலர் பாடல்கள் யாவும், பரணர் பெயரின்கீழ்ப் பரணர் பாடல்கள் யாவும் ஒருங்கே நின்றன. பல தொகைகளில் சிதறிக் கிடந்த ஒரு புலவரை ஒருவராகக் காண அவ்வமைப்பு உதவியது. தலைப்பை மாற்றியவுடன் இலக்கியத்தின் தோற்றமே மாறிவிட்டது.

அதற்கு முன்னரே, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக வெளிவந்து சொல் வரிசைக்கு ஓர் உறுதியான முறையை நிலைநாட்டியிருந்தது. 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வ. ஐ. சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு தந்தார். 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1992இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகிய ஜெர்மானிய அறிஞர் இருவர் சங்க இலக்கியச் சொல்லடைவைக் கணினியின் துணையோடு வெளியிட்டனர். சீட்டுகளில் எழுதி, எழுத்துவாரியாகப் பெட்டிகளில் அடுக்கி வந்த வேலை அத்துடன் வேறொரு கைக்கு மாறியது.

பத்துப் பாயிண்ட் வெற்றிடம்

அச்சுக்கோப்பைக் கணினிக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் டொனால்டு நூத். தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக 1977இல் வந்த ஒளியச்சு மெய்ப்புகளின் தோற்றம் மனநிறைவு தராமையால் அவர் ‘டெக்’ என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் ‘லேடெக்’ என்னும் அமைப்பை 1980களில் கட்டினார். அதற்கு அடைவு செய்து தரும் ‘மேக்இண்டெக்ஸ்’ என்னும் நிரலைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெஹாங் சென் எழுதினார். அதன் அமைப்பை விளக்கி அவரும் மைக்கேல் ஹாரிசனும் எழுதிய கட்டுரை 1988இல் வெளிவந்தது.

இவ்வமைப்பில் பழைய அச்சுக்கூட அறிவு எண்களாக உருமாறியிருப்பதைக் காணலாம். ஓர் எழுத்துத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே விடவேண்டிய வெளி 10 பாயிண்ட். பக்கம் நிரம்பவில்லையெனில் அது 5 பாயிண்ட் வரை விரியலாம். இடம் போதாதெனில் 3 பாயிண்ட் வரை சுருங்கலாம். கம்போசிட்டர் விரல்நுனியில் வைத்திருந்த நெகிழ்வு இவ்வாறு விதியாயிற்று. ஆனால் எழுத்துத் தலைப்பு தானாக வருவதில்லை. வேண்டுமென்று பாணிக்கோப்பில் ஓர் எண்ணை மாற்றி எழுதினாலன்றி, வெற்றிடம் மட்டுமே தொகுதிகளைப் பிரிக்கும். தலைப்பு தடித்த எழுத்தில் வரவேண்டுமா, நடுவில் நிற்கவேண்டுமா, அதன்கீழ் எவ்வளவு வெளி வேண்டும் என்பனவும் தொகுப்பாளர் சொல்ல வேண்டியவையே. சொல்லாவிட்டால் கருவி தன் வழக்கப்படி செய்துவிடும். அவ்வழக்கு ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை மனத்தில் கொண்டது.

னகரம் இடம்பெயர்ந்த கதை

தமிழ் எழுத்துகளின் வரிசையைத் தொல்காப்பியம் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கிறது. ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது மெய்வரிசையின் இறுதிப் பகுதி. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பு, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இந்தியத் தர முறையின் அடிப்படையில் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரியை ஒட்டிய அவ்வமைப்பில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. குறியெண்ணின் வரிசையே சொல்லின் வரிசை எனக் கொண்டால், வரி, வலி, வழி, வளி, வறுமை, வனம் என நிற்க வேண்டிய சொற்கள் வனம், வரி, வறுமை, வலி, வளி, வழி எனத் தலைகீழாகும். புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே இருப்பதால், லெக்சிகன் முறையில் முன்னிற்க வேண்டிய ‘கண்’ என்னும் சொல் ‘கணம்’, ‘கணி’ ஆகியவற்றுக்கும் பின்னே போய்விடும்.

இதனினும் பெரிய குழப்பம் எழுத்துருக்களின் வழியே வந்தது. 1990களில் வழங்கிய பல தமிழ் எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வடிவை அப்படியே வரிசையாகச் சேமித்தன. அம்முறையில் கெண்டை என்னும் சொல்லின் முதற்குறி ககரம் அன்று. அதற்கு முன்னே நிற்கும் கொம்பு. கெண்டையும் கொன்றையும் தென்றலும் பெண்ணையும் முதற்குறி ஒன்றே என்பதால் ஒரே கூட்டமாயின. அடைவில் ‘கொம்பு’ என்றோர் எழுத்து இருப்பது போலவும், அதன்கீழ்த் தமிழின் பாதி மரங்களும் மீன்களும் அடங்கியது போலவும் ஆயிற்று. கொன்றையைக் ககரத்தில் தேடிய வாசகர் அச்சொல் நூலில் இல்லை என்றே முடிவு செய்வார்.

யூனிகோடு பரவிய பின்னும் பழைய அடைவுக் கருவிகளுக்கு இடர் நீங்கவில்லை. பரவலாக ஆளப்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளால் ஆனது. முதற்பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. பைட்டையே எழுத்தென எண்ணும் கருவிக்கு அகரத்துக்கும் வகரத்துக்கும் இடையே எல்லை தெரியாது. அது தலைப்பையும் தராது, வெற்றிடத்தையும் விடாது. நூல் முழுதும் ஒரே தொகுதியாக ஓடும்.

பரிகாரம் இரு வழிகளில் வந்தது. 1990களில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சிண்டி’ என்னும் நிரல், எழுத்து வரிசையையும் தலைப்புத் தொகுதிகளையும் மொழிக்கு ஏற்பத் தொகுப்பாளரே வகுத்துக்கொள்ள இடம் தந்தது. மறுபுறம், குறியெண் வேறு, அகரவரிசை வேறு என்பதை யூனிகோடு அமைப்பே ஏற்று, மொழிதோறும் உரிய வரிசையைத் தனி அட்டவணையாகத் தரத் தொடங்கியது. தமிழுக்குரிய அட்டவணையில் னகரம் தன் பழைய இடத்துக்கு மீண்டது. புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன்னே நின்றது. ஆயினும் அவ்வட்டவணையைப் பயன்படுத்து என்று கருவிக்குச் சொல்வதும், ‘க’ என்னும் ஒரே தலைப்பு போதுமா, க, கா, கி, கீ எனத் தனித்தனித் தலைப்பு வேண்டுமா என முடிவு செய்வதும் மனிதருக்கே உரிய வேலையாக இருக்கின்றன. மரபான தமிழ் அகராதிகள் இரண்டாவது வழியையே கொண்டன. சிறிய தொகுப்புக்கு முதல் வழி போதும். எதுவாயினும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும்.

கவிதைத் தொகுதியின் கடைசிப் பக்கம்

சங்கப் பாடல்களுக்கு முதற்குறிப்பகராதி இருக்கிறது. தேவாரத்துக்கும் திவ்வியப் பிரபந்தத்துக்கும் இருக்கிறது. இக்காலக் கவிஞர்களின் தொகுதிகளிலோ அது அரிதாகவே காணப்படுகிறது. தலைப்பிட்டு எழுதும் வழக்கம் வந்த பின்னர் முதலடி அகராதி வேண்டியதில்லை என்று கருதப்பட்டது போலும். ஆனால் கவியரங்கில் கேட்ட ஒரு கவிதை மனத்தில் தங்குவது பெரும்பாலும் அதன் முதலடியால்தான். அந்த அடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பத்தாண்டுகள் கழித்து நூலைத் திறக்கும் ஒருவருக்கு, தலைப்புகளின் பட்டியல் உதவுவதில்லை.

இலக்கிய வட்டங்களின் தொகுப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். பல கவிஞர், பல ஆண்டு, பல இதழ் என விரியும் தொகுப்பில், புலவர்வாரி அடைவும் முதலடி அடைவும் சேர்ந்து நான்கு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவற்றைச் செய்வோர் கவனிக்க வேண்டியவை சிலவே. வரிசை அகரம் முதல் னகரம் வரை தமிழ் முறையில் உள்ளதா என ஒருமுறை கண்ணால் சரிபார்த்தல். எழுத்துத் தலைப்பு பத்தியின் அடியில் தனித்து நின்று, அதன் அடிகள் அடுத்த பத்திக்குப் போய்விடாமல் காத்தல். தொகுதிக்குத் தொகுதி ஒரு வரியளவேனும் வெளி விடுதல். பக்கம் மிகுகிறதென்று அந்த வெளியை உருவி எடுக்காதிருத்தல்.

விளங்கா மேற்கோளையும் வரிசைப்படுத்தி வைத்த பதிப்பாசிரியரைப் பெற்ற மொழியில், விளங்கிய கவிதையைத் தேடக் கிடைக்காமல் விட்டுவிட நியாயம் இல்லை.